கான் விழாவில் பரிசு! கையில் 'பேப்பர்' இல்லை!

பாரீஸ் பட உலகைக் கலக்கிய மெக்கானிக் வாலிபர்

முதுகில் பெரிய பை. கையில் செல்போன். வெயில், மழை பாராமல் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுவரும் வாலிபர்களைத் தினமும் பார்க்கிறோம். "ஏம்ப்பா இவ்வளவு லேட்டு?" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்துகிறோம். எந்த ஊர், ஏன் வந்தாய் என்று யாராவது கேட்கிறோமா?

பாரீசில் ஒருவர் கேட்டார். அவர் பிரெஞ்சுப் பட டைரக்டர் போரிஸ் லோஷ்கின். ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்து, சைக்கிளில் சாப்பாடு சுமக்கும் வாலிபர்களிடம் உட்கார்ந்து பேசினார். அவர்கள் சொன்னதை வைத்து அவர் எடுத்த படம்தான் 'சுலைமானின் கதை'. 2024-ல் வெளிவந்தது.

விலைக்கு ஒரு பொய்!

கதாநாயகன் சுலைமான் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்காரன். தஞ்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறான். தன் பெயரில் வேலை பார்க்க முடியாது. இன்னொருவன் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாடு சப்ளை செய்கிறான். ராத்திரி படுக்க வேண்டுமானால் விடுதிக்குப் போகும் பஸ்சைப் பிடித்தாக வேண்டும். விட்டால் நடுத்தெருதான்!

இன்னும் இரண்டே நாளில் அதிகாரி முன் விசாரணை. நாட்டை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். வறுமை, அம்மாவுக்குச் சீக்கு என்றால் எடுபடாது. 1951-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தலுக்குப் பயந்து வந்தவர்தான் அகதி.

அங்கேதான் புரோக்கர் நுழைகிறான். அரசியலில் இருந்தேன், ஜெயிலில் போட்டார்கள் என்று ஒரு 'ரெடிமேட்' கதையைக் காசுக்கு விற்கிறான். சுலைமான் சைக்கிளை மிதித்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்கிறான்!

விசாரணையில் நாக்குத் தடுமாறுகிறது. கடைசியில் பொய்யை உதறிவிட்டு நிஜத்தைக் கொட்டுகிறான். சீக்காளித் தாய்க்காக வந்தேன் என்கிறான். அனுமதி கிடைத்ததா? படம் அதைச் சொல்லவில்லை.

நடிப்பு அல்ல, நிஜம்!

சுலைமானாக நடித்த அபு சங்காரே அதற்கு முன் நடித்ததே இல்லை. அவரும் கினி நாட்டுக்காரர்தான். தாயின் வைத்தியத்துக்காகச் சிறுவனாகவே வீட்டை விட்டுக் கிளம்பி, லிபியா வழியாகக் கடல் தாண்டி, பிரான்சின் அமியேன் நகரம் வந்து சேர்ந்தவர். மெக்கானிக் தொழில் படித்தவர். டைரக்டர் அவருடைய கதையைக் கேட்டு, அதையே கடைசிக் காட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

2024 மே மாதம் கான் விழாவில் 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த நடிகர் பரிசு சங்காரேக்கு. ஒரே கைதட்டல்! ஆனால் பரிசு வாங்கியவருக்கு அந்த நாட்டில் தங்க அனுமதி இல்லை. அவர் மனு மூன்று தடவை தள்ளுபடியானது. 2025 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. அதுவும் ஒரு வருஷத்துக்கு! அடுத்த மாதமே பிரான்சின் 'சேசர்' புதுமுக நடிகர் விருதும் வந்தது. ஆனாலும் மெக்கானிக் வேலைதான் பார்ப்பேன் என்றார் மனிதர்.

நம்மவர் ஒருவரும் இதே வழியில் போனவர்தான். 2015-ல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன், ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. பிரான்சுக்கு அகதியாகப் போனவர். அந்தப் படத்திலும் இறந்தவர்களின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரே குடும்பமாக நடித்துத்தான் நாட்டை விட்டுத் தப்புகிறார்கள்.

பிழைக்க வந்த பிள்ளைகள் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டுமா? கேமராவுக்கு முன் நிறுத்தினால் மட்டும் போதாது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். நிஜத்தைச் சொன்னால் ஊருக்குத் துரத்திவிடுவார்கள் என்ற பயம் போக வேண்டும். அந்தப் பயம் இருக்கிறவரை புரோக்கர் காட்டில் மழைதான்!

பரிசு வாங்கிய சங்காரேக்கு ஒரு வருஷ அனுமதியாவது கிடைத்தது. பரிசு வாங்காத சுலைமான்கள்? இந்த ராத்திரியும் பாரீஸ் தெருவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.