தொட்டி ஆமைக்குப் பசி மருந்து வேண்டாம்

"கார்த்திகையில் வாய்க்காலில் ஓர் ஆமை கிடைத்தது. சிமென்ட் தொட்டியில் விட்டிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து எதையும் தின்னவில்லை. பசி எடுக்க மாட்டுக்குக் கொடுக்கும் டானிக்கைக் கொடுக்கலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்பிய படத்தைப் பார்த்தால், பின்கால்களை மூடிக்கொள்ள அடியில் மடல் உள்ள பால் ஆமை.

டானிக் வேண்டாம். பெரும்பாலும் இது நோயே அல்ல.

மாடும் நாமும் உடம்புச் சூட்டை உள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறோம். ஆமை அதை வெயிலிடம் கடன் வாங்குகிறது. தின்றதை உடம்பு எவ்வளவு வேகமாகச் செலவழிப்பது என்பதைத் தீர்மானிப்பது கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி. ஆமை ஓடியாடும் வெதுவெதுப்பான மாதங்களில் அதன் ஹார்மோன் இரத்தத்தில் கூடும், குளிரில் குறையும். குறைந்தால் பசியும் மந்தம், வளர்ச்சியும் மந்தம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊர்வன இனங்களில், உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தாலும் சரிவர வேலை செய்வதில்லை. அந்த நேரத்தில் வாயில் திணிக்கும் தீனி செரிக்காமல் குடலிலேயே அழுகும்.

ஊசி போட்டால் வளருமா என்றும் கேட்டிருக்கிறார். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் வருகின்றன. புரோலாக்டின் என்றால் பசுவின் மடியில் பால் ஊறச் செய்கிறதே, அதேதான். அமெரிக்காவில் இளம் ஆமைகளுக்கு இவற்றை ஊசியாகப் போட்டபோது அவை அதிகம் தின்றன, வளர்ந்தன. ஆனால் அது ஆய்வுக்கூட வேலை. வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல.

முட்டைக்கோஸ் இலையை மட்டுமே போட்டு ஆமை வளர்க்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது உடம்பில் அயோடின் சேர்வதைத் தடுக்கும். நாளடைவில் தைராய்டு வீங்கிவிடும். பால் ஆமைக்கு நத்தை, பூச்சி, சிறுமீன், தவளை எல்லாம் வேண்டும். வயலில் நத்தையைத் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்யும் பிராணி அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பால் ஆமை இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் செய்திருப்பீர்கள். தாமதிக்காமல் வனத்துறைச் சரக அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அதுவரை தொட்டியில் ஏறி வெயில் காய ஒரு கல்லும், கல் முழுகாத அளவுக்குத் தண்ணீரும் இருந்தால் போதும்.