பலர் கூடி எழுதும் ஒரு வரி

மாலை நேரத்தில் கோயில் பிராகாரத்தில் அமர்ந்து உரையாடும் பெரியவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. “பெண் எங்கே வேலை பார்க்கிறாள்?” “சென்னையில், சாஃப்ட்வேர் கம்பெனியில்” என்று விடை உடனே வந்துவிடும். “அங்கே அவளுக்கு என்ன வேலை?” என்று அடுத்த கேள்வி பிறக்கும்போதுதான் தகப்பனார் தயங்குவார். “மார்க்கெட்டிங் என்று சொல்கிறாள்” என்று கூறிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புவார். கேட்டவர் மனத்திலோ, தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதியின் உருவம் தோன்றும். பொறியியல் படித்த பெண்ணுக்கு இந்த வேலையா என்ற ஐயமும் உடன் எழும்.

அந்தப் பெண் நாள்தோறும் என்னதான் செய்கிறாள் என்பதைப் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அறிந்துகொள்வது நல்லது. அது எளிய வேலையன்று. தனியொருவர் செய்து முடிக்கக்கூடிய வேலையும் அன்று.

பால் அட்டை போன்ற வணிகம்

முற்காலத்தில் மென்பொருள் என்பது குறுந்தகட்டில் பதிவாகிப் பெட்டியில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டது. வாங்குபவர் ஒருமுறை பணம் கொடுத்தால் அத்துடன் வியாபாரம் முடிந்தது. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் மென்பொருளை இணையத்தின் வழியே மாதச் சந்தாவுக்கு வழங்குகின்றன. நம் வீடுகளில் பாலுக்கு மாத அட்டை வாங்குவதைப் போன்றது இது. பால் தொடர்ந்து திரிந்துபோனால் அடுத்த மாதம் யாரும் அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். வாடிக்கையாளரும் அப்படியே, மனம் ஒப்பவில்லையெனில் சந்தாவை நிறுத்திவிட்டு வேறிடம் சென்றுவிடுவார்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. வாங்குபவர் லண்டனில் ஒரு கடைக்காரராகவோ ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி நிர்வாகியாகவோ இருக்கலாம். விற்பவரை அவர் நேரில் காண்பதேயில்லை. தம் கணினித் திரையில் ஒரு பக்கத்தைப் படிக்கிறார். சில நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கிறார். பிறகு முடிவு செய்கிறார். ஆகவே கடைக்காரரின் முகமும் குரலும் செய்யவேண்டிய வேலை முழுவதையும் அந்தப் பக்கத்திலுள்ள சொற்களே செய்தாக வேண்டும். அந்தச் சொற்களை ஆக்குவோரே மார்க்கெட்டிங் குழுவினர்.

உடைந்த தொலைக்காட்சியிலிருந்து

இத்தகைய வணிகம் தமிழகத்தில் வேரூன்றியதற்குச் சான்றாகத் திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதத்தின் வரலாற்றைச் சொல்வதுண்டு. தஞ்சை சாஸ்த்ராவில் பொறியியல் பயின்ற அவர், சென்னையில் சோஹோ நிறுவனத்தில் பணியாற்றியவர். அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, கப்பலில் வந்த அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்திருந்தது. இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் எழுதியும் பேசியும் பயன் கிட்டவில்லை. கடைசியில், தம்மைப் போலத் தாயகம் திரும்புவோர் கூடிப் பேசும் இணையத்தளம் ஒன்றில் நடந்ததை எழுதினார். விரைவிலேயே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் பலரறியப் பேசும் சொல்லுக்கு எத்தகைய வலிமை உண்டு என்பதை அந்த நிகழ்ச்சி அவருக்கு உணர்த்தியது. 2010-ஆம் ஆண்டில், ஷான் கிருஷ்ணசாமி என்ற நண்பருடன் சேர்ந்து சென்னையில் ‘ஃப்ரெஷ்டெஸ்க்’ நிறுவனத்தைத் தொடங்கினார். வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உதவும் மென்பொருளே அதன் முதற்படைப்பு. முதல் வாடிக்கையாளராக வந்தது ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு கல்வி நிலையம்.

நிறுவனம் தளிர்நடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அயல்நாட்டுப் போட்டி நிறுவனமொன்றின் தலைவர், இது தங்களைப் பார்த்து நகலெடுத்த ஏமாற்று வேலை என்ற பொருளில் இணையத்தில் கடுஞ்சொல் ஒன்றை எழுதிவிட்டார். சிறிய நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க அந்த ஒரு சொல்லே போதும். சென்னையில் இருந்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. பதிலுக்கு வசைபாடவும் இல்லை. அந்தக் குற்றச்சாட்டையே தலைப்பாக்கி, அது உண்மையா பொய்யா என்று கேட்கும் தனி இணையப் பக்கமொன்றைத் திறந்து, நடந்தவற்றை உலகோர் முன் வைத்தார்கள். பழிச்சொல்லால் வந்த கூட்டம் அவர்களுடைய பொருளையும் பார்த்துவிட்டுச் சென்றது. பின்னர் ‘ஃப்ரெஷ்வொர்க்ஸ்’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

ஒரு பக்கத்துக்கு எத்தனை கைகள்

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். இந்தக் குழுவின் வேலையும் அத்தகையதே. ஒரு மென்பொருளில் புதிய வசதி ஒன்று சேர்கிறது என்று கொள்வோம். வாடிக்கையாளர் எழுதும் கடிதங்களைத் தானே பிரித்து, உரிய ஊழியரிடம் அனுப்பும் வசதி அது. வெளியீட்டு நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே குழு கூடுகிறது.

இந்த வசதி யாருக்குப் பயன்படும், அவருடைய இன்றைய துன்பம் என்ன என்று ஆராய்ந்து ஒருவர் குறிப்பு எழுதுகிறார். அதைக் கொண்டு எழுத்தாளர் பக்கத்தின் வாசகத்தை அமைக்கிறார். வடிவமைப்பாளர் அதற்குப் படமும் நிறமும் தருகிறார். மக்கள் கூகுளில் எந்தச் சொல்லிட்டுத் தேடுகிறார்கள் என்பதை அறிந்த ஒருவர், அந்தச் சொல் உரிய இடத்தில் வருகிறதா என்று பார்க்கிறார். மற்றொருவர் பழைய வாடிக்கையாளர்களுக்குச் செல்லும் மின்னஞ்சல்களை ஒழுங்கு செய்கிறார். விற்பனைப் பிரிவினர், “இப்படி எழுதினால் எங்களிடம் இந்தக் கேள்வி கேட்பார்களே” என்கின்றனர். பொறியாளர், “இந்த வாக்கியம் சரியல்ல, அந்த வசதி இன்னும் முடியவில்லை” என்கிறார். வாசகம் மறுபடியும் எழுத்தாளரிடமே திரும்பி வருகிறது.

இத்தனை கைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா? ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் வகுத்த ‘கான்பான்’ என்னும் அட்டை முறை இதற்குக் கைகொடுக்கிறது. செய்யவேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று பலகையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக அதில் வைப்பார்கள். வேலை நகர நகர அட்டையும் நகரும். யார் கையில் எது நிற்கிறது என்பதை எவரும் ஒரு பார்வையில் அறியலாம். இன்று அந்தப் பலகை கணினித் திரைக்குள் வந்துவிட்டது. காலையில் கால்மணி நேரம் கூடி, நேற்று முடித்தது எது, இன்று செய்யப்போவது எது, தடையாக இருப்பது எது என்று ஒவ்வொருவரும் சொல்வர். “எனக்கு இது புரியவில்லை” என்று சபையில் சொல்லும் துணிவை இந்தக் கூட்டமே கற்பிக்கிறது.

மூத்தவர் சொல்லுக்கு மாற்றுச் சொல்லும் இங்கே இடம் பெறும். ஒரு பக்கத்துக்கு இரண்டு தலைப்புகள் முன்வைக்கப்பட்டால், வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் காட்டி, எதைப் படித்தவர்கள் மிகுதியாக மேலே சென்றார்கள் என்று கணக்கெடுப்பது வழக்கம். இருபது ஆண்டு அனுபவமுள்ள தலைவர் எழுதியது தோற்று, சென்ற மாதம் சேர்ந்த இளைஞர் எழுதியது வெல்வதுண்டு. அதை முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும் பக்குவம் வாய்த்த தலைவரிடம் குழுவும் நிலைத்து நிற்கிறது.

எல்லாரும் பார்த்த பிழை

பலர் சேர்ந்து செய்யும் வேலையில் பேராபத்து ஒன்றும் மறைந்திருக்கிறது. பல பேர் அடித்தால் பாம்பும் சாகாது என்ற பழமொழி நம்மிடையே உண்டு. மற்றவர் அடித்துவிடுவார் என்று ஒவ்வொருவரும் கையைத் தளர்த்திவிடுவதே அதற்குக் காரணம்.

வெளியீட்டுக்கு முந்தைய மாலையை எண்ணிப் பார்க்கலாம். “இரண்டே நிமிடத்தில் தயார்” என்று பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பத்துப் பேர் படித்தாயிற்று. அனைவரும் ஒப்புதல் தந்தாயிற்று. அப்போது குழுவில் வயதிற் குறைந்த பெண்ணுக்கு ஓர் ஐயம் எழுகிறது. புதிதாகச் சேர்பவருக்கு இரண்டு நிமிடம் சரி. பல ஆண்டுக் கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு இரண்டு நாள் ஆகுமே! சொன்னால் மின்னஞ்சல், படம், அறிவிப்பு அனைத்தையும் மாற்றவேண்டும். இரவு யாரும் வீடு திரும்ப முடியாது. சொல்லாவிட்டால் யாரும் அவளைக் குறை கூறப் போவதில்லை. எழுதியவள் அவள் அல்லளே.

நல்ல குழுவா அல்லவா என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும். அவள் சொல்கிறாள். “இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று சீறும் தலைவர் இருந்தால், அடுத்த முறை அவளும் வாய் திறக்கமாட்டாள், மற்றவர்களும் திறக்கமாட்டார்கள். “இப்போதாவது கண்டுபிடித்தாயே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் தலைவர் இருந்தால், அந்த வரி விடிவதற்குள் திருந்திவிடும். திருந்திய வரி முன்னதைப் போல மினுக்காது. ஆயினும் அதை நம்பி வந்தவர் அடுத்த மாதமும் சந்தா கட்டுவார்.

எழுதிய சொல்லின்படி நடக்காத வணிகம் சந்தா முறையில் நெடுநாள் தாங்காது. அதனால் இங்கே வாய்மை அறமாகவும் இருக்கிறது. பிழைக்கும் வழியாகவும் இருக்கிறது. இப்போது முதற்படியை இயந்திரமே எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. ஆகவே, “இது உண்மைதானா?” என்று கேட்கும் மனிதரின் தேவை முன்னிலும் கூடியிருக்கிறது.

வீட்டில் தெரிவது

வீட்டிலிருக்கும் பெரியவர்களின் கண்ணில் இவை எவையும் படுவதில்லை. இரவு உணவு ஆறிக்கொண்டிருக்க, காதில் கருவியை மாட்டிக்கொண்டு அறைக்குள் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையைத்தான் அவர்கள் காண்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் காலை ஒன்பது மணி என்பது அங்குக் கோடைக்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை; குளிர்காலத்தில் பத்தரை. இருவர்க்கும் ஒத்துவரும் நேரம் வேறில்லை.

அந்தப் பிள்ளைக்கு வெளியில் சொல்லாத வருத்தமொன்றும் இருக்கக்கூடும். கட்டடம் எழுப்பிய பொறியாளர் அதைக் கைநீட்டிக் காட்டலாம். ஆறு வாரம் உழைத்த பக்கத்தில் இவர்கள் பெயர் எங்கும் இராது. எந்தச் சொல் யாருடையது என்று பிரித்துக் காட்டவும் இயலாது. பக்கம் வெற்றி பெற்றால் பொருள் நன்று என்பார்கள். தோற்றால் மார்க்கெட்டிங் சரியில்லை என்பார்கள். வருவாய் குறையும் காலங்களில் நிறுவனங்கள் முன்னதாகக் கைவைக்கும் செலவுகளுள் இந்தப் பிரிவும் ஒன்று. பெயர் பொறிக்காத வேலையைப் பிறரோடு பகிர்ந்து செய்து, அதிலும் பொய் கலவாமல் காப்பதற்கு மனவலிமை மிகவும் வேண்டும்.

அதற்கு வீட்டார் தரக்கூடிய துணை பெரியதொன்றும் அன்று. இரவு அறைக்கதவு திறந்து, பேச்சு முடிந்து பிள்ளை வெளியே வரும்போது, “இன்னும் என்ன வேலை?” என்று கடிந்துகொள்வதை விட்டு, தட்டை எடுத்து வைத்தபடி, “இன்றைக்கு எந்த வரியைத் திருத்தினீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம். முதலில் வியப்புடன் பார்ப்பாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கதை முழுவதையும் சொல்வாள். பிராகாரத்தில் அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்போது, தகப்பனாரும் தயங்காமல் விடை சொல்வார்.