கடுகு வெடித்தால் வண்டி ஓடும்: பழைய கைடிராக்டர் எப்படி இயங்குகிறது?

கெடாவின் மெர்போக் வட்டாரத்தில் செம்பனையும் நெல்லும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஜெராய் மலைக்கு வடக்கே போய்விட்டால் யானிலிருந்து பெர்லிஸ் வரை வயல்தான். இந்த இரண்டு மண்ணிலும் பாடுபட்ட ஒரு வண்டி இன்று பல கொட்டகைகளில் கோழி அடையும் இடமாகிவிட்டது. இரண்டு சக்கரம், நீளமான கைப்பிடி, முன்னால் படுத்த வாக்கில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின். குபோட்டா என்றோ யன்மார் என்றோ எழுதியிருந்த தகடு தேய்ந்து போயிருக்கும். தமிழ்நாட்டில் இதைப் பவர் டில்லர் என்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் லாண்ட்மாஸ்டர். அமெரிக்காவில் பழைய கிரேவ்லியையும் வீல் ஹார்ஸையும் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கெடாவில் அந்த ஆசை உள்ளவருக்கு ஏற்ற தோட்ட டிராக்டர் இதுதான்.

வாங்கியதும் பலரும் செய்யும் முதல் வேலை சாயம் பூசுவது. இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பார். தெரிந்துகொள்ளப் பட்டறைக்குப் போக வேண்டாம், அடுப்பங்கரைக்குப் போனால் போதும். குழம்பு தாளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டி காய வேண்டும், கடுகு அளவாக விழ வேண்டும், சரியான நேரத்தில் விழ வேண்டும். டீசல் இஞ்சினின் முழு வித்தையும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

வந்த கதை, சுருக்கமாக

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனை ஆஸ்திரேலியாவில் பிறந்தது. நியூ சவுத் வேல்ஸ் விவசாயி மகன் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1912-இல் அதை முயன்று பார்த்தார். விவசாயி தனியாளாகக் கையாளும் அளவுக்கு டீசல் இஞ்சினைச் சிறிதாக்கியவர்கள் ஜப்பானியர்கள். யன்மார் நிறுவனத்தின் எச்பி (HB) இஞ்சின் 1933-இல் வந்தது. குபோட்டா தன் முதல் பவர் டில்லரை 1947-இல் செய்தது.

கெடாவில் இதற்கு வேலை கொடுத்தது மூடா பாசனத் திட்டம். மூடா, பெடு அணைகளின் தண்ணீரில் 1970 முதல் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைந்தது. ஒரு போகம் இருந்தவரை எருமை கட்டி நிதானமாக உழலாம். இரண்டு போகம் என்றானதும் அறுப்புக்கும் அடுத்த நாற்றுக்கும் நடுவில் கிடைத்த நாட்கள் குறைந்துபோயின. எருமை செய்த வேலை இரும்புக்குக் கைமாறியது.

சட்டி காய்வது

பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி விட ஒரு பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டால் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே வெடிக்கிறது அல்லவா, அதே கணக்கு. டீசல் 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சட்டிக்கு அடியில் அடுப்பு இருக்கிறது, சிலிண்டருக்கு அடியில் எதுவும் இல்லை. நம் உவமை இடறும் இடம் இது. இங்கே காற்றை நெருக்குவதால்தான் சூடு பிறக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதற்கும் இதுவே காரணம்.

பிஸ்டன் பின்வாங்கும்போது காற்று உள்ளே வருகிறது. முன்னேறும்போது இரண்டு வால்வும் மூடிக்கொள்ள, வந்த காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுங்குகிறது. நல்ல நிலையில் உள்ள இஞ்சினில் அந்தக் காற்று 500 டிகிரியைத் தாண்டும். எங்காவது ஒழுகினால் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் சட்டி காயாது.

ஒழுகுகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. இஞ்சின் ஆறியிருக்கும்போது, எரிபொருளை நிறுத்திவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் கனமாக முட்டும். அங்கே அழுத்திப் பிடித்தால் சக்கரம் எதிர்த்து நிற்க வேண்டும், விட்டால் பின்னுக்குத் துள்ள வேண்டும். துள்ளாமல் மெதுவாக நழுவிப்போனால் காதைக் கொடுங்கள். காற்று வடிகட்டிப் பக்கம் "உஸ்" என்றால் உள்வரும் வால்வு. சைலன்சரில் கேட்டால் வெளியேறும் வால்வு. இஞ்சின் எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரான லைனரும் தேய்ந்துவிட்டன. இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் குமிழி வந்தால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட். எதைக் கழற்ற வேண்டும் என்பதை ஒரு ஸ்பானரைத் தொடுமுன்பே சொல்லிவிடலாம்.

கடுகு போடுவது

சட்டி காய்ந்துவிட்டது. இனி கடுகு. ஒரு சின்ன பம்பு டீசலை அழுத்தித் தள்ள, நாசில் அதைத் தூவுகிறது. தூவல் பனிப்புகை மாதிரி நுண்ணியதாக இருந்தால்தான் முழுதாக எரியும். சொட்டாக விழுந்தால் பாதி எரியும், மீதி கரியாகும்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 2200 சுற்று ஓடும் நான்கு வீச்சு இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தாளிப்பு. ஆக நிமிடத்துக்கு 1100, மணிக்கு 66,000. மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் விழுவது ஒரு தண்ணீர்ச் சொட்டில் பாதிகூட இல்லை. அதையும் பிஸ்டன் கடைசி முட்டுக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்னால், இமைப்பதற்குள் தூவி முடிக்க வேண்டும். முந்தினால் இஞ்சின் "டங் டங்" என்று இடிக்கும். பிந்தினால் சூடு ஆறத் தொடங்கிவிடும், கடுகு வெடிக்காது.

அனுபவமுள்ள மெக்கானிக் இதையும் காதால்தான் பார்ப்பார். டீசலைத் திறந்துவிட்டு ஃப்ளைவீலைச் சுற்றும்போது நாசிலிலிருந்து "க்ரிக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் பம்பும் நாசிலும் உயிரோடு இருக்கின்றன. கேட்காவிட்டால் முதல் சந்தேகம் குழாய்க்குள் புகுந்த காற்று. பம்பு வாயில் உள்ள போல்ட்டைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை டீசலை ஒழுகவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓர் எச்சரிக்கை: வேலை செய்யும் நாசிலின் முனையில் விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வெடித்த பிறகு

வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. வண்டிக்கு வேலை கிடைப்பது இந்த ஒரு வீச்சில்தான். கழிவை வெளியேற்றுவது, புதுக்காற்றை இழுப்பது, அதை நெருக்குவது ஆகிய மற்ற மூன்றும் செலவு. அந்த மூன்றையும் தாண்டி இழுத்துப்போகத்தான் அவ்வளவு கனமான ஃப்ளைவீல்.

கையால் ஸ்டார்ட் செய்யும்போது இந்தக் கனத்தைத்தான் பயன்படுத்துகிறோம். "லீவரைத் தூக்கிப் பிடி தம்பி, வேகம் வந்ததும் விடு" என்பார்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கினால் ஒரு வால்வு லேசாகத் திறந்தே இருக்கும், நெருக்கம் இல்லாததால் கை எளிதாகச் சுற்றும். ஃப்ளைவீல் வேகமெடுத்ததும் லீவரை விட்டால் ஓரிரு சுற்றில் காற்று நசுங்கி, கடுகு வெடிக்கும். கைப்பிடியைச் சுற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் பிடி தானாக நழுவும், மணிக்கட்டு தப்பும். கைப்பிடி மாட்டும் பல் தேய்ந்திருந்தால் இஞ்சின் பிடித்த பிறகும் கைப்பிடி விடுபடாமல் கூடவே சுழலும். புதுப்பிக்கும்போது எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

புகை சொல்லும் சேதி

தாளிக்கும் வாசனையை வைத்தே பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். இங்கே புகையை வைத்துச் சொல்லலாம்.

வெள்ளைப் புகை, காயாத எண்ணெயில் போட்ட கடுகு. டீசல் எரியாமலே வெளியேறுகிறது. ஸ்டார்ட் ஆனவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காவிட்டால் நெருக்கம் போதவில்லை, அல்லது தூவும் நேரம் பிந்துகிறது.

கறுப்புப் புகை, கைநிறைய அள்ளிப் போட்ட கடுகு. இருக்கும் காற்றுக்கு டீசல் அதிகம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் சொட்டலாம், சக்திக்கு மீறிச் சுமை ஏற்றியிருக்கலாம். முதலில் வடிகட்டியைப் பாருங்கள், அதுதான் மலிவு.

நீலப் புகை என்றால் எரிவது கடுகே இல்லை, இஞ்சின் எண்ணெய். தேய்ந்த ரிங் வழியாகவோ வால்வு வழிகாட்டி வழியாகவோ உள்ளே ஏறுகிறது. இதற்குக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டீசலுக்குள் செம்பனை

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. மலேசியாவிலோ 2019 முதல் வாகனங்களுக்கு விற்கும் பி10 டீசலில் நூற்றுக்கு 10 பங்கு செம்பனையிலிருந்து செய்த எரிபொருள். பழைய வண்டிக்கு இதில் இரண்டு சிக்கல். இது பல காலமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துவிடும், கரைந்தது வடிகட்டியில் போய் அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும். ஆகவே புதுப்பித்த வண்டியில் குழாய்களை மாற்றிவிடுங்கள். முதல் சில டாங்குகளுக்கு வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் டீசல் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் சகதி கட்டும். சமையல் எண்ணெயை நேராக ஊற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அது கெட்டியானது, நாசிலில் கரி படியவைக்கும்.

சக்கரம் வரை

இஞ்சினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து கிளட்ச், கிளட்ச்சிலிருந்து கியர்பெட்டி, அங்கிருந்து சக்கரம். இதில் புரிந்துகொள்ள வேண்டியது திருப்பும் விதம். ஸ்டியரிங் கிடையாது. இடது கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடும். வலது சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும்.

இறக்கத்தில் இது தலைகீழ். விசை அறுபட்ட சக்கரம் இறக்கத்தில் தடையில்லாமல் உருளும், விசை உள்ள சக்கரம் இஞ்சினால் கட்டுப்பட்டு மெதுவாகச் செல்லும். இடது லீவரை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் பாயும். தட்டையான வயலில் பழகியவர் ஜெராய் அடிவாரத்துச் சரிவில் டிரெய்லரில் செம்பனைக் குலை ஏற்றி இறங்கும்போது இதை மறந்தால் வண்டி வாய்க்காலில்தான் கிடக்கும். இறக்கத்துக்கு முன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும், லீவரைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும். கத்தி சுழலும்போது பின்னோக்கி ஓட்டவே கூடாது.

கியர்பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் வயல் தண்ணீர் சீல் வழியாக உள்ளே போயிருக்கிறது. சீல் மலிவு, பேரிங் மலிவில்லை.

வேலையின் வரிசை

இந்த இஞ்சின்களைப் புதுப்பிப்பது சாத்தியமாவதற்குக் காரணம் லைனர். பிஸ்டன் ஓடும் சுவர் தனிக்குழாயாக இருப்பதால், தேய்ந்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். இதே வகை இஞ்சின்களைத் தாய்லாந்தில் 1978-இல் தொடங்கப்பட்ட சியாம் குபோட்டா செய்துவருவதால் லைனர், ரிங், நாசில் போன்றவை அரும்பொருளாகிவிடவில்லை. துருவேறிப் பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள்.

முதலில் நெருக்கம், அடுத்து நாசிலும் பம்பும், பிறகு தூவும் நேரம், அதன்பின் தண்ணீர்த்தொட்டி, பெல்ட், கியர்பெட்டி, கடைசியில் சாயம். நெருக்கம் இல்லாத இஞ்சினுக்குப் புது நாசில் போடுவது, அடுப்பையே மூட்டாமல் நல்ல கடுகு தேடிக் கடைக்குப் போகிற கதை.

வாங்கப் போகிறவருக்கு ஒன்று. சூடான இஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். காய்ந்த சட்டியில் யார் போட்டாலும் கடுகு வெடிக்கத்தானே செய்யும். போனவுடன் சிலிண்டர் ஹெட்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விலையே பேசாமல், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆறிய இஞ்சின் உங்கள் கண்ணெதிரே, உங்கள் கையால் ஸ்டார்ட் ஆனால் மட்டும் காசை எடுங்கள்.