புரட்டாசி வஞ்சிரமும் ஜனவரிப் பங்கும்

புரட்டாசிச் சனிக்கிழமையில் கிளிஞ்சல்மேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவன் நான். தெருவில் பாதி வீடு கவிச்சி தொடாத நாள். வஞ்சிரம் கையைக் கடிக்காது. அதே வஞ்சிரத்தை மே மாதத்தில் விலை கேட்கவே மனசு வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு கரையோரம் அள்ளி வருவதுதான் மீன். காரைக்காலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

இதே கணக்கை நம்பித்தான் பங்குச் சந்தையிலும் கை வைத்தேன். "மாமா, டிசம்பர்ல வாங்கிப் போடுங்க, ஜனவரில ஏறும்" என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னதற்கு ஆதாரமும் இருந்தது. 1904 முதல் 1974 வரை நியூயார்க் சந்தையை அலசிய ரோசெஃப், கின்னி இருவரும், ஜனவரியில் சராசரியாக 3.5 சதவீத லாபம், மற்ற மாதங்களில் அரை சதவீதம்தான் என்று 1976-இல் எழுதினார்கள். அங்கே வரிக் கணக்கு முடியும் டிசம்பரில் நஷ்டப் பங்கை விற்று வரியைக் குறைத்துக்கொண்டு, ஜனவரியில் திரும்ப வாங்குகிறார்கள் என்பது பலர் சொன்ன காரணம். நமக்கோ வரிக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. அது எனக்கு உறைக்கவில்லை. வாங்கிய மூன்றில் இரண்டு, பிப்ரவரியில் வாங்கிய விலைக்கும் கீழே கிடந்தன.

பிறகுதான் புரிந்தது: மீன் அழுகும், பங்கு அழுகாது. புரட்டாசியில் வாங்கிய மீனை மே வரை ஐஸில் போட்டு வைக்க முடியாது. அதனால் அந்த விலை வித்தியாசம் வருஷம் தவறாமல் வருகிறது. ஜனவரியில் பங்கு ஏறும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், எல்லோரும் டிசம்பரிலேயே வாங்குவார்கள். விலையும் அப்போதே ஏறிவிடும். தெரிந்த சேதியெல்லாம் விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருளியல் அறிஞர் யூஜீன் ஃபாமா 1970-இல் எழுதியதன் சாரம் இதுதான். 2013-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. சந்தைக்கு அவ்வளவு புத்தி கிடையாது என்று வாதாடும் ராபர்ட் ஷில்லருக்கும் அதே பரிசில் பங்கு கொடுத்தார்கள்! நான் ஷில்லர் கட்சி; ஆனாலும் நாள் பார்த்து ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

நம் சந்தையிலும் கிழமைக் கணக்கு இருந்தது. வாரக் கணக்கை மும்பைச் சந்தை வெள்ளியன்றும் தேசியப் பங்குச் சந்தை செவ்வாயன்றும் முடித்தன. அந்த இடைவெளியில் பிழைத்தவர்கள் உண்டு. 2001-இல் அன்றாடக் கணக்கு முறை வந்தது. அந்தப் பிழைப்பும் முடிந்தது.

இப்போது மாப்பிள்ளை தீபாவளி முகூர்த்த வணிகம் பற்றிப் பேசுகிறார். மும்பையில் 1957 முதல் நடப்பது, ஒரு மணி நேரச் சடங்கு. குஜராத்திகளுக்கு அன்று புதுக்கணக்கு. நம் வீட்டில் கறிக்குழம்பு. ஐப்பசி பிறந்தால் வஞ்சிரமும் ஏறிவிடும். மீன் வேண்டுமென்றால் புரட்டாசி முடிவதற்குள் வாங்கிவிடுங்கள்.