சரவாங்கி நோயும் ஊராட்சியின் கடமையும்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த பூமி. கரிசல் நிலம் தரும் பருத்தியும் சோளமும் ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தைத் தாங்குவதில்லை. ஆகவே 1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும், அதனையடுத்து வளர்ந்த பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலுமே இவ்வட்டாரத்துக் கிராமங்கள் பலவற்றில் உலையேற்றி வருகின்றன. பட்டாசுத் தொழிலின் முதற் கருவி இயந்திரமன்று. மனிதரின் பத்து விரல்களே. குழாய் உருட்டுவதும், திரி வைப்பதும், சரம் பின்னுவதும், பெட்டியில் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடைபெறுகின்றன. உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோர் பலர். விரல் மடங்க மறுத்தால் அன்றே கூலி குறைகிறது.

அந்த விரல்களைத் தாக்கும் நோயைப் பற்றியும், அதனை எதிர்க்க ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை பற்றியும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் மக்கள் வழங்கும் இந்நோய், வயதானோர்க்கு முழங்கால் தேய்வதால் வரும் வலியினின்றும் வேறானது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் இது உண்டாகிறது. காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்திற்கு மேல் கைகள் விறைத்திருத்தல், இரு கைகளிலும் விரற்கணுக்களும் மணிக்கட்டும் வீங்குதல், அவற்றை அழுத்தினால் வலித்தல் ஆகியவை இதன் முதல் அடையாளங்கள். இது தொற்றுநோயன்று, முன்வினைப் பயனுமன்று. நடுவயதிலும் அதற்கு முன்னரும் வரக்கூடும். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. புகைப்பழக்கம் இந்நோய்க்கு வழிகோலுகிறது.

பூனாவுக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் திட்டப்படி 1996-இல் ஒரு கணக்கெடுப்பு தொடங்கிற்று. அங்கே வயது வந்தோரில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்பட்டது. அக்கணக்கை நம் ஊருக்குப் பொருத்தினால், மூவாயிரம் பெரியோர் வாழும் ஓர் ஊராட்சியில் சுமார் பதினைந்து பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் எனலாம். அவர்களுள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

நோய் தோன்றிய முதற் சில மாதங்களிலேயே தக்க சிகிச்சை தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்க இயலும். காலந்தாழ்த்தினால் அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் பழைய நிலையை எய்தாது. எனினும் மக்கள் முதலில் நாடுவது வலி ஊசியையும், பெயரற்ற பொட்டலப் பொடியையுமே. அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்படுவதுண்டு. வலி உடனே தணியும். நோயோ உள்ளே வளரும்.

நோயாளிக்குக் கல்வி

மருந்து மட்டும் போதாது, நோயாளி தம் நோயை அறிந்து நடக்கக் கற்பிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று, மூட்டுவாத நோய்களுக்கெதிரான ஐரோப்பியக் கழகம் 2015-இல் இரண்டு கோட்பாடுகளையும் எட்டுப் பரிந்துரைகளையும் வெளியிட்டது. அவற்றின் சாரம் இது: நோய் இன்னதென்று தெரிந்த போதும், மருந்தை மாற்றும் போதும், உடலோ மனமோ தளர்ந்த போதும் நோயாளிக்குக் கல்வி கிடைக்க வேண்டும். அது அவரவர் தேவைக்கேற்ப அமைய வேண்டும். தனித்தோ குழுவாகவோ, நேரிலோ தொலைபேசி வாயிலாகவோ கற்பிக்கலாம். பயிற்சி பெற்ற ஊழியரும், பயிற்சி பெற்ற நோயாளியரும் ஆசிரியராகலாம். கற்பித்தது பயன் தந்ததா என்பதையும் ஆராய்ந்தறிய வேண்டும்.

இவை எங்கோ எழுதப்பட்டவை என்று ஒதுக்க வேண்டுவதில்லை. நம் கிராமத்தில் இவற்றை நடைமுறைப்படுத்தும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, மருந்தின் முறை. இந்நோய்க்கு மிகுதியாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை வாரத்தில் ஒரே நாளில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் தின்றால் உயிருக்கே ஆபத்து. எழுத்தறியாத தாய்க்கு இதனை எவ்வாறு நினைவூட்டுவது? நம் சுவர்களில் தொங்கும் நாட்காட்டி சிவகாசியிலேயே அச்சானது. அதில் மருத்துவர் குறித்த கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மாத்திரை தின்றதும் அதன்மேல் கோடிடச் சொல்லுங்கள். வேலியிட்டது போன்ற காவல் அது. மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறு நிறம் இடலாம். இம்மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகுமென்று முன்கூட்டியே சொல்லாவிடில், பத்து நாளில் பயனில்லையென்று நிறுத்திவிடுவர். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை வேண்டும். மதுவை விலக்க வேண்டும். கருவுற்றவர்கள் இதனை உண்ணலாகாது. கருவுற விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது, உழைப்பின் முறை. வீங்கிய மூட்டுக்கு ஓய்வு தருதல், வீக்கம் தணிந்தபின் மெல்ல அசைத்துப் பயிற்சி செய்தல் ஆகிய இரண்டும் தேவை. வீங்கிய மூட்டை அழுத்தி நீவலாகாது. குடத்தை விரலால் தூக்காமல் இரு கைகளாலும் அணைத்தெடுத்தல், அரிவாள்மணைக்கும் களைக்கொத்துக்கும் துணி சுற்றிப் பிடியைப் பருமனாக்குதல், ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யாமல் இடையிடையே விரல்களை நீட்டி மடக்குதல் ஆகியவை செலவில்லாத உபாயங்கள்.

மூன்றாவது, அச்சம் நீக்குதல். வேலை போய்விடுமோ என்று அஞ்சிப் பெண்கள் வலியை மறைக்கின்றனர். வெடிமருந்து கையாளும் அறையில் பிடி தவறும் கை அவளுக்கும் அருகிலிருப்போர்க்கும் ஆபத்தாகும். ஆகவே நோயைச் சொன்னவளை நீக்காமல், இலகுவான வேறு வேலைக்கு மாற்றுமாறு ஆலை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வது ஊர்ப் பெரியோரின் கடமை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு, விதிகளுக்குட்பட்டு, நோய்க்கால விடுப்பில் கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். இதனை அறியாதோர்க்கு அறிவியுங்கள்.

உறுப்பினர் செய்யத் தக்கவை

கிராம சுகாதாரச் செவிலியரைக் கலந்து, விரல் வீக்கமும் காலை விறைப்பும் உடையோரைக் கண்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விருதுநகரிலேயே 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகிறது. ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

மாதம் ஒருமுறை, ஆலை விடுமுறை நாளில், மகளிர் குழுக் கூட்டத்திலே செவிலியரைப் பேசச் செய்யுங்கள். நோயை வென்று வேலை செய்யும் ஒரு தாயையும் பேச வையுங்கள். அவர் சொல் ஆயிரம் துண்டு வெளியீடுகளுக்கு ஈடாகும். பேச்சு முடிந்ததும், “மாத்திரையை எந்நாளில் தின்பீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே விடை பெறுங்கள். விடை பிழையானால் பிழை கேட்டவரதன்று, சொன்னவரது. மீண்டும் சொல்லுங்கள்.

இதற்குப் பெரும் நிதி வேண்டுவதில்லை. ஒரு நாட்காட்டியும், ஒரு சிவப்பு மைக்கோலும், மாதம் ஒரு மணி நேரமுமே வேண்டும். சாலையும் கிணறும் அமைப்பது போலவே, உழைக்கும் கைகளைக் காப்பதும் கிராம வளர்ச்சிப் பணியே. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.