பட்டையைக் கழற்றினால் ஆக்சிலைப் பிடிப்பது யார்?

"கிட் கார்" ஓட்டுகிறவர்கள் செய்யும் தப்புக் கணக்கு

அலமாரி வாங்கினால் பலகை வேறு, ஸ்குரூ வேறு என்று கட்டிக் கொடுக்கிறார்கள் அல்லவா? இங்கிலாந்தில் காரையே அப்படி விற்றார்கள்! இன்றும் விற்கிறார்கள்.

சேஸிஸ், பாடி, என்ஜின், சக்கரம் எல்லாம் தனித்தனியாக வீட்டுக்கு வரும். ஆபீஸ் விட்டு வந்த மனுஷன் ஷெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக ராத்திரி ராத்திரியாகப் பூட்டுவார். இதற்குப் பெயர்தான் "கிட் கார்".

வரி மிச்சம்!

இவற்றில் பேர் போனது "லோட்டஸ் செவன்". கோலின் சாப்மன் என்ற என்ஜினீயர் 1957-ல் கொண்டு வந்தார். எடை சுமார் அரை டன்தான்.

முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகமாக வாங்கிப் பூட்டினால் அந்த வரி கிடையாது. மாதச் சம்பளக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்ததற்கு இதுதான் காரணம். 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை.

எலும்பை எண்ணும் சவாரி

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் பலரும் பின் ஆக்சிலைப் பழைய காரிலிருந்து கழற்றி வருவார்கள். 1968 முதல் 1980 வரை வந்த பழைய போர்டு எஸ்கார்ட் கார்களின் ஆக்சிலுக்கு ரொம்ப கிராக்கி. அந்தக் கார்களில் பின்னால் இருந்தது லாரியில் உள்ளது போன்ற பட்டை ஸ்பிரிங்.

வந்தது வினை! பெரிய காரின் பாரத்துக்குச் செய்த பட்டை, இந்த லேசான வண்டிக்கு வளைந்து கொடுக்காது. சின்னப் பள்ளம் வந்தாலும் வண்டியின் பின்பக்கம் துள்ளும். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு ஒவ்வொன்றும் எண்ணப்படும்.

"பட்டையைத் தூக்கிப் போடு, காயில் ஓவர் ஷாக் போடு" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

காயில் ஓவர் என்றால் ஏதோ அபூர்வப் பொருள் இல்லை. ஷாக் அப்சர்பரின் மேலேயே சுருள் ஸ்பிரிங்கைச் சுற்றி வைத்திருக்கும். மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறதே, அதே சங்கதிதான்.

ஒரு பட்டை, இரண்டு வேலை

"ஸ்பிரிங்தானே சார், கழட்டி மாட்டினா ஆச்சு" என்று தோன்றும். ஆகாது!

பட்டை ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கவில்லை. ஆக்சிலை இடம் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். பிரேக் போட்டால் ஆக்சில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். இரண்டையும் பட்டை அடக்கி வைக்கும்.

சுருள் ஸ்பிரிங்குக்குத் தெரிந்தது மேலும் கீழும் அசைவது ஒன்றே. ஆகவே பட்டை போனால் அதன் இரண்டாவது வேலையைப் பார்க்க ஆள் வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்க வேண்டும். குறுக்கே இன்னொரு கம்பி. அதன் ஒரு முனை ஆக்சிலில், மறு முனை எதிர்ப்பக்கச் சேஸிஸில். இதைப் "பனார்டு ராடு" என்பார்கள்.

அடுத்த ஆபத்து, ஷாக்கை மாட்டும் இடம். பழைய ஷாக் குலுக்கலை அடக்கியதே தவிர, பாரம் சுமந்ததில்லை. அதே பிராக்கெட்டில் காயில் ஓவரை மாட்டினால் பின்பக்க எடை முழுவதும் அதன் தலையில் இறங்கும். பிராக்கெட் பிய்ந்தால் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும். சேஸிஸில் குறுக்குக் குழாய் வைத்து வெல்டிங் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

சென்னைக்குத் தெரிந்த கார்

லோட்டசே இதில் அடி வாங்கியது! 1960-ல் வந்த இரண்டாவது ரக செவனில் காயில் ஓவர் இருந்தது. ஆக்சில், "ஸ்டாண்டர்டு கம்பேனியன்" காருடையது. இது ஸ்டாண்டர்டு டென் காரின் ஸ்டேஷன் வேகன் ரகம். டென் கார் 1950-களில் சென்னையிலும் தயாரானது என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கிலீஷ் "ஏ" எழுத்து வடிவில் ஒரு சட்டத்தை ஆக்சிலின் நடுவயிற்றில் பூட்டி, இழுப்பு முழுவதையும் அங்கே விட்டார்கள். ஹவுசிங் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது நெளிந்தது. ஆயில் கசிந்தது. கசிந்த ஆயில் ரப்பர் புஷ்ஷைத் தின்றது. சில வண்டிகளில் விரிசலே விட்டது. பிறகு ஹவுசிங்குக்குத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டி வந்தது. ஸ்பிரிங் மேல் குற்றமில்லை. பிடித்த இடம்தான் தப்பு!

சாய்த்தால் கணக்கே வேறு

ஒரு பின் சக்கரத்தின் மேல் 250 பவுண்டு (சுமார் 113 கிலோ) இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 100 பவுண்டு ஸ்பிரிங் நேராக நின்றால் வண்டி 2½ அங்குலம் உட்காரும். அதையே 30 டிகிரி சாய்த்து மாட்டினால் ஸ்பிரிங்கின் பலத்தில் கால் பங்கு குறையும். வண்டி மூணே கால் அங்குலத்துக்கும் மேல் உட்காரும். 45 டிகிரி என்றால் பலம் பாதி, இறக்கம் 5 அங்குலம்!

"அடியில் இருக்கும் வளையத்தை முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும்" என்று சொல்வாரும் உண்டு. வண்டி உயருமே தவிர, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஸ்பிரிங்கே இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டுகிறார்கள். ஜாக்கி வைத்து ஆக்சிலை முழுக்கத் தூக்கி, முழுக்க இறக்கிப் பார்க்கிறார்கள். டயர் பாடியில் உரசுகிறதா? பிரேக் குழாய் இழுபடுகிறதா? எல்லாம் சரியென்றால்தான் ஸ்பிரிங். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்குவது, வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான்.

ஸ்பிரிங்கை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆக்சிலைப் பிடிக்க வழி செய்ய ஒரு மாசம்கூட ஆகலாம். அந்த ஒரு மாசத்துக்கு அலுத்துக்கிறவங்க பட்டையோடவே ஓட்டட்டும். முதுகு வலிக்கும், ஆனால் வீடு வந்து சேரலாம்!