ஊசி மட்டும் போதாது!

விடியற்காலையில் வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்பவர்கள் யார்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தோழர்கள். ஆவடிக்கும் பாடிக்கும் வேலைக்குச் செல்வோர். சென்னையிலே பிறருக்கு மாளிகை எழுப்பும் கொத்தனார்கள், சித்தாள்கள். வண்டி வருவதற்குள் நாலு பேர் இருமுகிறார்கள். காரணம் கேட்டால், ஒருவர் பனி என்கிறார். ஒருவர் பட்டறைத் தூசு என்கிறார். மற்றொருவர் பீடியின் மீது பழி போடுகிறார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நாலாமவர் ஒன்றும் சொல்வதில்லை. மாலையானால் அவருக்கு உடம்பு காய்கிறது. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மூன்று வாரமாக இருமல் ஓயவில்லை. ஆனாலும் அவர் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். ‘அந்த நோய்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் மறு பக்கம்.

அந்த நோயின் பெயரை நாம் உரக்கவே சொல்வோம்: காசநோய். நம் பாட்டனார் காலத்தில் எலும்புருக்கி என்றும், சயரோகம் என்றும் அழைக்கப்பட்ட அதே நோய். அது ஒழிந்துபோன பழங்கதை என்று எண்ணுவோர் உண்டு. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 28 லட்சம் பேரை அது புதிதாகப் பற்றியது என்பதும், மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலகில் இந்நோய் கண்டவர்களில் நாலில் ஒருவர் நம் நாட்டவர். மருந்து இருக்கிறது, மருந்து இலவசமாகவும் கிடைக்கிறது. பிறகு ஏன் இத்தனை சாவு? இந்தக் கேள்வியைத்தான் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்து கொள்வோம். முன்வினையென்றும், தலையெழுத்தென்றும், பரம்பரைச் சாபமென்றும் சொல்லப்பட்டதை, 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஜெர்மன் நாட்டு அறிஞர் ராபர்ட் காக் உடைத்தெறிந்தார். ‘இது ஒரு கிருமியின் வேலை’ என்று பெர்லின் நகரிலே மெய்ப்பித்துக் காட்டினார். அந்தக் கிருமி காற்றிலே பரவுகிறது. நுரையீரலில் நோய் கண்டவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படுகிறது. சன்னல் இல்லாத அறையில், அடைத்த பட்டறையில், நெரிசலில், நெடுநேரம் உடனிருப்பவரின் மூச்சிலே புகுகிறது. டம்ளரால் ஒட்டாது, துணியால் ஒட்டாது, கைகுலுக்கினால் ஒட்டாது. புகுந்த உடனே நோயாகவும் மாறிவிடாது. பலரது உடம்பில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். உடம்பு தளரும் நாளைப் பார்த்துத் தலை தூக்கும்.

இந்தக் கிருமியை ஒரே ஊசியில் அடக்கிவிடலாம் என்று உலகம் ஒரு காலத்தில் நம்பியது. பி.சி.ஜி. என்பது அந்த ஊசியின் பெயர். கிண்டியிலே 1948இல் அதைத் தயாரிக்கும் கூடம் அமைந்தது. 1950களில் இந்த ஊசியைப் பற்றி இம்மாநிலத்திலேயே பெரிய வழக்கு நடந்தது. இராஜாஜி கடுமையாக எதிர்த்தார். மருத்துவத் துறையினர் ஆதரித்தனர். மேடையிலும் ஏட்டிலும் வாதம் தொடர்ந்ததே தவிர, முடிவு கிடைக்கவில்லை. முடிவு எங்கே கிடைத்தது தெரியுமா? நம் திருவள்ளூர் மண்ணிலே!

1968ஆம் ஆண்டு. திருவள்ளூர் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர்களில் மாபெரும் சோதனையைத் தொடங்கியது. ஊசி போட வந்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினர். சிலருக்கு உண்மை மருந்து. சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, எது எவருக்கு என்று. எடை போட்டுப் பார்ப்பதற்கு நேர்மையான வழி அதுதான். 1971 வரை பதிவு நடந்தது; அதன் பின் பதினைந்து ஆண்டுகள் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்தனர். முதல் முடிவு 1979இல் வெளிவந்தது. பதினைந்தாண்டுக் கணக்கு 1999இல் அச்சேறியது. வயது வந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. உலகமே திடுக்கிட்டது.

இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது. மூளைக் காய்ச்சலாகவும், உடலெங்கும் பரவும் கொடிய வடிவமாகவும் வரும் காசத்திலிருந்து அது சிசுக்களைக் காக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். அவசியம் போடத்தான் வேண்டும். ஆனால், ‘சின்ன வயதில் ஊசி போட்டாயிற்று, எனக்கு ஒன்றும் வராது’ என்று நாற்பது வயதுத் தொழிலாளி மார்தட்டிக் கொள்ள முடியாது. கையை நீட்டி நம் ஊர்ப் பெரியவர்கள் உலகத்துக்குச் சொன்ன பாடம் அது. அந்தப் பாடத்தை உலகம் படித்தது, நாம் படித்தோமா?

ஊசி போதாதென்றால் வேறெது போதும்? அதற்கும் விடை நம் பக்கத்திலேயே இருக்கிறது. காசம் கண்டவர் மலைக்காற்றுத் தேடிப் போக வேண்டும், மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், பாலும் முட்டையும் உண்ண வேண்டும் என்பதே ஒரு காலத்தில் வைத்தியம். தாம்பரத்தில் 1928இல் அத்தகைய ஆரோக்கிய நிலையம் எழுந்தது. கட்டிலோ சில நூறு, நோயாளிகளோ பல்லாயிரம். கூலி வேலை செய்பவன் ஓராண்டு கட்டிலில் படுத்தால் குடும்பம் எங்கே படுக்கும்?

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில். மறு பிரிவினர் தங்கள் குடிசையிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றுதான். குடிசையில் நெரிசல், சோறும் போதாது, ஓய்வும் இல்லை. இருந்தும், ஓராண்டு முடிவில் வீட்டில் மருந்துண்டவர்கள், நிலையத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு, காசநோய் வைத்தியத்தையே உலகெங்கும் ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதைத்தான் தோழர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்ததால் மனைவி மக்களுக்குக் கூடுதலாக நோய் ஒட்டியதா என்று பார்த்தார்கள். இல்லை! ஒட்டியதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஒட்டிவிட்டது. மருந்து உண்ணும் நோயாளியைக் கண்டு ஒதுங்குகிறோம். மருந்து உண்ணாமல் ஒளித்து இருமுகிறவரோடு ஒரே அறையில் படுத்துறங்குகிறோம். ஆபத்து எங்கே இருக்கிறது? இருமல் தொடங்கிய நாளுக்கும் சளியைச் சோதித்த நாளுக்கும் இடையே இருக்கிறது. அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் தடுப்பு. மற்றவையெல்லாம் அதற்கு அடுத்தபடி.

சோதனை இப்போது எளிது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம்—இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சளி கொடுக்க வேண்டும். ட்ரூநாட் போன்ற கருவிகள், கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. சோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்தினால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம். பாதி வெட்டிய முள்மரம் மறுபடி தழைப்பதைப் போல!

‘மருந்து சரி, கூலிக்கு என்ன வழி?’ என்று தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் பதிந்தவருக்கு, நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு உண்டு. நீடித்த நோய்களின் பட்டியலில் காசநோயும் இருப்பதால், இரண்டாண்டு தொடர்ந்து வேலையிலிருந்து, சந்தாவும் விதிப்படி செலுத்தப்பட்டிருந்தால், அதன் பின் 80 விழுக்காடு வரை நீட்டித்துப் பெறலாம். இது பிச்சையல்ல, நம் சம்பளத்திலும் பிடித்துச் சேர்த்த பணம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா? சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா? நோய் வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, இன்றே கேட்டு வைப்பது நல்லது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு இது முதல் வேலை.

சோற்றைப் பற்றியும் ஒரு சொல். மருந்து வேலை செய்ய மாளிகை உணவு தேவையில்லை என்று சென்னை ஆய்வு காட்டியது உண்மை. அதற்காகப் பட்டினிக்கும் காசத்துக்கும் உறவில்லை என்று எவரும் கணக்குப் போட வேண்டாம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிப் பகுதிகளில் மட்டும் அவர்கள் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கும் கொடுத்த பகுதிகளில் அவர்களிடையே புதிதாகத் தோன்றிய காசம் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது; நுரையீரல் காசமோ ஏறக்குறையப் பாதியாயிற்று. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே சாவு வெகுவாகக் குறைந்ததும் தெரிந்தது. எந்த ஊசியாலும் ஆகாததை அரிசியும் பருப்பும் செய்து காட்டின. நோயாளியின் ஊட்டத்துக்கென 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவித் தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது உரியவர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமை.

காசம் தனியாக வருவதில்லை. துணைக்கு இன்னொரு நோயை அழைத்து வருகிறது. அது நீரிழிவு. ஒன்று ஒட்டும் நோய், மற்றது ஒட்டாத நோய். ஆனால் இரண்டும் கூட்டாளிகள். சர்க்கரை கட்டுக்கு அடங்காத உடம்பில் காசம் தலைதூக்கும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டுக் காசநோயாளிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே, காசம் கண்டவர் சர்க்கரை பார்க்க வேண்டும்; சர்க்கரை உள்ளவர் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. புகையும் குடியும் இந்தக் கூட்டணிக்குப் பந்தம் பிடிப்பவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்டுபிடித்த பிறகும் சிலர் ஏன் சாகிறார்கள்? எலும்பும் தோலுமாக, மூச்சுத் திணற, எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் வருவதால். காசத்தால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே நேர்கிறது. இதைக் கவனித்துத்தான் தமிழ்நாட்டில் 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகிய மூன்றையும் நோய் கண்ட உடனே பார்த்து, நிலைமை மோசமானவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. அதை வகுப்பதில் பங்கு கொண்டது, நம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப் பரவியல் நிறுவனம். கண்டுபிடிப்புகளெல்லாம் நம் சுற்று வட்டாரத்திலேயே பிறக்கின்றன. பலன் மட்டும் நம் தெருவுக்கு வந்து சேரத் தாமதிக்கலாமா?

ஆகவே, கிளைதோறும் உள்ள தோழர்களுக்கு நாம் கூறுவது இதுதான். உங்கள் தெருவில், உங்கள் பட்டறையில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார் என்று பாருங்கள். அறிவுரை சொல்லி அனுப்பாதீர்கள், கூடவே செல்லுங்கள். நோய் உறுதியானால், அவர் வீட்டிலுள்ளோர் அனைவரையும் சோதிக்கச் செய்யுங்கள். நோய் இல்லாதவருக்கும் தடுப்பு மாத்திரை உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆறு மாதமும் மாத்திரை தவறாதிருக்க மாதம் ஒரு முறையேனும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் தரும் தேநீரை வாங்கிக் குடியுங்கள். ஊர் அதைப் பார்க்கட்டும். பட்டறைக்குச் சன்னல் கேளுங்கள், காற்றுப் போக்கி கேளுங்கள். சுவரொட்டி ஒட்டும் கை, சளிச் சோதனைக்கு வழிகாட்டவும் நீளட்டும்.

நாளைக் காலை வண்டிக்கு அந்த நாலாமவர் வருவார். அவரிடம் பேச்சுக் கொடுங்கள். ‘எத்தனை நாளாக இந்த இருமல், அண்ணே?’ என்று கேளுங்கள். பதினைந்து நாளைத் தாண்டியிருந்தால், அன்றைய கூலி போனாலும் போகட்டும் என்று அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வீட்டில் இன்னும் எத்தனை பேருக்கு அந்தக் கிருமி போய்ச் சேரும் என்பது அந்த ஒரு நாளைப் பொறுத்தது.